வேகம் இருக்கட்டும்... தப்பு எத்தனை?

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் அடித்தால் எந்த வீட்டிலும் முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரிதான். என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு என்னவாம்?" என்றாள். மறுமுனையில் என் சித்தி பையன். குரல் தழுதழுத்தது.

"அண்ணே... செத்துப் போச்சுண்ணே!"

"யாருடா?"

"கம்ப்யூட்டர்!"

மனைவி திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னால் முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் ஜாதகம் எனக்குத் தெரியும்.

பையனுக்குப் பகலில் ஒரு தனியார் ஆபீசில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண போட்டோ, வீடியோ. சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். தங்கை கல்யாணத்துக்கு நாலு காசு சேர்ப்பது இந்த இரண்டாவது வேலையில்தான். பழைய மெஷின், ஒரு வீடியோவை முடித்துக் கொடுக்க ராத்திரி முழுக்க முனகுகிறது என்று, சித்தியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கி, படம் பார்த்துத் தானே பூட்டியிருந்தான். ரைசன் 5 7600 பிராசஸர். 16 ஜி.பி. வீதம் இரண்டு டி.டி.ஆர்.5 ரேம். அட்டைப்பெட்டி மேல் பெரிதாக '6000' என்று போட்டிருந்தது. அந்த நம்பரை அவன் ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா இருக்குண்ணே. அஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

"ஆறாவது தடவை பண்ணாதே. ஆன் பண்ணிட்டு, பல் தேய்ச்சு, ஒரு டம்ளர் பால் குடிச்சுட்டு வா."

ஏழு நிமிஷம் கழித்து மறுபடி போன். "வந்துடுச்சுண்ணே! என்ன மந்திரம் போட்டீங்க?"

மந்திரம் ஒன்றுமில்லை. புது மெஷினுக்கு முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் பிராசஸரும் ரேமும் ஒன்றின் பாஷையை ஒன்று பழகிக்கொள்கின்றன. சிக்னலை எந்தக் கணத்தில் படித்தால் தெளிவாகக் கேட்கும், எவ்வளவு வோல்ட் வைக்கலாம் என்று ஆயிரம் கேள்வி. இதற்கு 'ட்ரெயினிங்' என்று பெயர். டி.டி.ஆர்.5 ரேமில் இதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். நடுவில் ஆஃப் செய்தால் பழையபடி ஆரம்பத்திலிருந்து. பெண் பார்க்கப் போன இடத்தில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்ன, பிடிச்சிருக்கா?" என்று எழுப்பிக் கேட்டால் எப்படி?

அது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

மேஜையும் ரெக்கார்டு ரூமும்

ரேம் என்பது என்ன? உங்கள் ஆபீசையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க் எல்லாம் ரெக்கார்டு ரூம். கரண்ட் போனாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். பிராசஸர்தான் ஆபீசர். ரேம் அவர் முன்னால் இருக்கிற மேஜை. எந்த ஃபைலும் மேஜைக்கு வந்தால்தான் அவர் கை வைப்பார். சாயந்திரம் விளக்கை அணைத்தால் மேஜை காலி.

இந்த மேஜையின் நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ராபர்ட் டென்னார்டு. 1966-ல் யோசனை, 1968-ல் பேட்டன்ட். ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்... அவ்வளவுதான் ஒரு 'பிட்'. கெப்பாசிட்டரில் மின்சாரம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரே கோளாறு, அது ஓட்டைக் குடம். கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வடிவதற்குள் மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். டி.டி.ஆர்.4 வரை 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, டி.டி.ஆர்.5-ல் அதுவும் பாதியாகி, 32 மில்லி செகண்ட். டென்னார்டு 2024-ல் காலமானார். அவர் போட்ட கோலத்தில்தான் உங்கள் செல்போன் உள்பட எல்லாமே ஓடிக்கொண்டிருக்கிறது.

பையனின் 32 ஜி.பி.யில் இப்படி எத்தனை குடம் என்று கணக்குப் போட்டேன். 27,487 கோடி! இந்த நம்பரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் பரீட்சை: வேகம்

கேபினட்டைத் திறந்து பார்த்தேன். நாலு ஸ்லாட்டில் முதல் இரண்டில், ரயில் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஒட்டி ஒட்டி இரண்டு ரேமும் இருந்தன.

"ஏன்டா, மதர்போர்டோட வந்த புஸ்தகத்தைப் படிச்சியா?"

"அது எதுக்குண்ணே? நாலு ஸ்லாட் இருக்கு, ரெண்டு ரேம் இருக்கு. முதல்லேருந்துதானே போடணும்?"

இங்கேதான் பாதிப் பேர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு பாதை உண்டு. முதல் இரண்டு ஸ்லாட் ஒரு பாதை. அடுத்த இரண்டு இன்னொரு பாதை. இரண்டையும் ஒரே பாதையில் போட்டால் மற்றது சும்மா கிடக்கும். இந்த மாதிரி போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும் என்று புஸ்தகத்திலேயே படம் போட்டிருப்பான். மாற்றிப் போட்டேன். மறுபடி கறுப்பு ஸ்கிரீன், மறுபடி ட்ரெயினிங். இந்தத் தடவை பையன் பதறவில்லை. பால் குடித்தான்.

விண்டோஸ் வந்தது. டாஸ்க் மானேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால், வேகம் 4800.

"அண்ணே! 6000-னுதானே காசு வாங்கினான்?"

பொறு என்று சி.பி.யு.-இசட் என்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டேன். அதில் சுமார் 2400. பையன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான். பிடித்து உட்கார வைத்தேன்.

இரண்டு நம்பரும் சரிதான். டி.டி.ஆர். என்பதில் முதல் 'டி' டபுள். கடிகாரம் ஒரு தடவை அடிக்கும்போது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு தடவை சரக்கு மாறும். கடிகாரம் செகண்டுக்கு 240 கோடி தடவை அடித்தால் சரக்கு 480 கோடி தடவை கைமாறும். ஒரு சாஃப்ட்வேர் அடியைச் சொல்கிறது, இன்னொன்று சரக்கைச் சொல்கிறது.

சரி, 6000 எங்கே? ரேமுக்கு இரண்டு வேகம் உண்டு. ஒன்று, எந்த போர்டில் செருகினாலும் ஓடுகிற பொது வேகம். இன்னொன்று, "இவ்வளவு வோல்ட் கொடுத்தால் இவ்வளவு ஓடுவேன்" என்று தயாரித்தவன் உள்ளே எழுதி வைத்திருக்கிற வேகம். அதை நாம்தான் பயாஸில் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். ஏ.எம்.டி. பக்கம் இதற்கு 'எக்ஸ்போ' என்று பெயர். இன்டெல் பக்கம் 'எக்ஸ்.எம்.பி.'. தட்டினேன். 6000 வந்தது.

ஏய்டா64 என்கிற சாஃப்ட்வேரில் அளந்தோம். எக்ஸ்போவுக்கு முன்னால் படிக்கிற வேகம் செகண்டுக்கு 53 ஜி.பி. சொச்சம், பிறகு 60-க்குப் பக்கம். ஒரு தகவல் கேட்டு வந்து சேரும் நேரம் 90 நானோ செகண்டிலிருந்து 70 சொச்சத்துக்கு இறங்கியது. பையனுக்குப் பூரிப்பு. ஆனால் கணக்கு எழுதுகிறவன் அல்லவா... பேப்பரை எடுத்தான்.

"6000 தடவை, ஒரு தடவைக்கு எட்டு பைட், ரெண்டு பாதை. 96 ஜி.பி. வரணுமே? 60-தானே வருது?"

நல்ல கேள்வி. ரேம் 96 கொடுக்கத் தயார். ஆனால் இந்த ஜாதிப் பிராசஸரில் ரேமைக் கவனிக்கிற பகுதி ஒரு சில்லு, கணக்குப் போடுகிற பகுதி வேறொரு சில்லு. நடுவில் ஒரு வாசல். வழக்கமாக இருக்கிற 2000 மெகா ஹெர்ட்ஸில், அந்த வாசல் வழியாக ஒரே கணக்குச் சில்லுக்குள் செகண்டுக்கு 64 ஜி.பி.தான் போக முடியும். ஏமாற்று இல்லை, அமைப்பே அப்படி. கல்யாண மண்டபத்தில் எண்பது பேர் பரிமாறத் தயாராக இருந்தாலும், சமையலறைக் கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு சாம்பார்தான் பந்திக்கு வரும். ஆகவே இந்தப் பிராசஸரை வைத்துக்கொண்டு 8000 ரேம் வாங்குகிறவர்கள் கதவை மறந்துவிட்டுக் கரண்டி வாங்குகிறார்கள்.

இன்னொரு விசேஷம். ரேம் அட்டையில் '6000' பக்கத்தில் 'சி.எல்.30' என்று ஒரு நம்பர் இருக்கும். அந்த 30-ஐ 2000-ஆல் பெருக்கி 6000-ஆல் வகுங்கள். 10 நானோ செகண்ட். பழைய டி.டி.ஆர்.4-ல் 3200, சி.எல்.16? அதுவும் 10. டி.டி.ஆர்.3-ல் 1600, சி.எல்.8? 10! எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த முதல் டி.டி.ஆர். 400-ல், சி.எல்.2-க்கும் அதே 10! பஸ்கள் பெரிசாகிக்கொண்டே போகின்றன. ஸ்டாப்பில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் மட்டும் மாறவே இல்லை.

இரண்டாவது பரீட்சை

பையன் ஸ்கோரை செல்போனில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பத் தயாரானான்.

"இரு. ஒரு பரீட்சைதான் முடிஞ்சிருக்கு."

டைப்ரைட்டிங் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும். வேகமாக அடித்தால் மட்டும் பாஸ் இல்லை. பேப்பர் திருத்துகிறவர் தப்பை எண்ணுவார். படபடவென்று அடித்துத் தள்ளி, 'மேனேஜர்' என்கிற இடத்தில் 'மேஜர்' என்று அடித்தால் மார்க் போச்சு. ஆனால் கம்ப்யூட்டர் வாங்குகிற நம் இளைஞர்கள் வேகத்தை மட்டும் அளந்து, தப்பை எண்ணாமலே சர்ட்டிபிகேட் கொடுத்துவிடுகிறார்கள்.

தப்பை எண்ணுவதற்கு மெம்டெஸ்ட்86 என்று ஒரு இலவசப் பதிப்பு இருக்கிறது. மெம்டெஸ்ட்86+ என்று அதற்கு ஒரு தாயாதியும் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் வராமல் நேரே அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது எல்லாக் குடத்திலும் 0 எழுதும், படித்துப் பார்க்கும். 1 எழுதும், படித்துப் பார்க்கும். மாற்றி மாற்றி எழுதும். ஒரு வரிசையை ஓயாமல் தட்டினால் அடுத்த வரிசையில் பிட் புரளலாம் என்று 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்த மாதிரி தட்டிப் பார்க்கிறதற்கும் ஒரு தனிப் பரீட்சை உண்டு. 32 ஜி.பி.க்கு நாலு சுற்று முடிய ஒரு ராத்திரி போய்விடும்.

போட்டுவிட்டுப் படுத்தோம். காலை ஐந்தரைக்குப் பையன் எழுப்பினான். "அண்ணே, சிவப்பா ஏதோ வந்திருக்கு."

தப்பு: 3.

"27,487 கோடியில மூணுதானேண்ணே! எங்க ஆபீசில இதைவிட ஜாஸ்தி தப்பு வருமே!"

"உங்க ஆபீசிலே '1'-ங்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் எட்டு பிட்டா வெச்சிருக்கும். அதிலே ஒரே ஒரு பிட் புரண்டா என்ன ஆகும் தெரியுமா? '9' ஆகும். ஆயிரம் ரூபாய் ஒன்பதாயிரம் ஆகும். யாரும் தொடாமலே!"

அவன் முகம் மாறியது. ஆபீஸ் கணக்கை நினைத்து அல்ல.

"அண்ணே... வியாழக்கிழமை ரெண்டு கல்யாணத்தை இதிலேதான் ஏத்தினேன்."

"கேமரா கார்டு?"

"ஒண்ணு இருக்கு. இன்னொண்ணை... வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வேணும்னு அழிச்சுட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. கார்டிலிருந்து டிஸ்குக்குப் போகிற ஒவ்வொரு படமும் வழியில் ரேமில் இறங்கி ஏறித்தான் போகிறது. மேஜையில் கறை இருந்தால் எந்த ஃபைலில் ஒட்டும் என்று யார் சொல்வது? கம்ப்யூட்டர் மணியடித்து எச்சரிக்காது. ஃபைல் பெயர் சரியாக இருக்கும். சைஸ் சரியாக இருக்கும். 'காப்பி முடிந்தது' என்று சந்தோஷமாகச் சொல்லும். அதிலிருந்து நீங்கள் எடுக்கிற பேக்கப்பிலும் தப்பு பத்திரமாகச் சேமிக்கப்படும்.

அழிக்காத கார்டையும் டிஸ்கையும் என் பழைய லேப்டாப்பில் மாட்டி ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிட்டோம். சந்தேகப்பட்டவனையே சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது இல்லையா! 1,400 சொச்சம் படங்களில் இரண்டு மாறியிருந்தன. கார்டு கையில் இருந்ததால் மறுபடி எடுத்துக்கொண்டோம். அழித்த கல்யாணத்துக்கு ஒப்பிட எதுவுமில்லை. பையன் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தான். முக்கால்வாசி வந்தபோது ஒன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒன்று. மேல் பாதி சரியாக இருக்க, கீழ்ப் பாதி சாம்பல் கலரில் கோடு கோடாக. இரண்டாவதில் பெண்ணின் பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்சதை போடுகிறாள். கை இருக்கிறது. பெண்ணின் தலை இல்லை.

குற்றவாளி யார்?

தப்பு வந்தால் உடனே ரேமைத் தூக்கிப் போடக் கூடாது. முதலில் எக்ஸ்போவை நிறுத்தி, பொது வேகத்தில் மறுபடி பரீட்சை வைத்தோம். அப்போது தப்பு வரவில்லை என்றால் வேகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் குறைத்து ஓட்டலாம். எங்களுக்கு அப்போதும் வந்தது. அடுத்து ஒரு ரேமை மட்டும் வைத்து ஒரு ராத்திரி. சுத்தம். இன்னொன்றை அதே ஸ்லாட்டில் வைத்து... ஒரு மணி நேரத்தில் சிவப்பு. ஸ்லாட்டை மாற்றினாலும் சிவப்பு. ஆக, ஸ்லாட் நிரபராதி, ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

புது ரேமில் இப்படி வருமா என்று கேட்காதீர்கள். 1978-ல் இன்டெல் ஆட்கள், சிப்பை மூடுகிற உறையில் கலந்திருந்த துளி அணுக்கதிர்ப் பொருளே பிட்டைப் புரட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2009-ல் கூகுள் தன் சர்வர்களை வைத்து வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் தப்பு வந்தது தெரிந்தது. அந்த சர்வர்களில் தப்பைத் திருத்துகிற 'ஈ.சி.சி.' ரேம் இருந்ததால் எண்ண முடிந்தது. நம் வீட்டு மெஷினில் எண்ணவே ஆள் இல்லை.

"டி.டி.ஆர்.5-லே ஈ.சி.சி. உள்ளேயே இருக்குன்னாங்களே?" என்றான் பையன். பாதி உண்மை. சிப்புக்கு உள்ளே புரளுகிற ஒற்றைப் பிட்டை அது திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸர் வருகிற வழியில் நடக்கிறதற்கு அது ஜவாபு இல்லை. முழுக் காவல் வேண்டுமென்றால் அதற்கென்றே ஈ.சி.சி. ரேம் தனியாக வாங்க வேண்டும். போர்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனோம். "நாங்க விக்கிற ரேமிலே கம்ப்ளெயின்டே வராது சார்" என்று ஆரம்பித்தார் கடைக்காரர். பையன் வாக்குவாதம் செய்யவில்லை. சிவப்பு ஸ்கிரீனின் போட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினான். எக்ஸ்போ போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, தனித்தனியாக இரண்டு. அவர் மூன்றாவது படத்தில் அமைதியானார். ஜோடியாகவே மாற்றிக் கொடுத்தார். ஜோடியாக வாங்கினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். 2025-ன் கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கென்று அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எப்படி ஏறியது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். வாரன்டி நாட்களுக்குள் கண்டுபிடித்தது லாபம். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தது அதைவிட லாபம்.

நீங்கள் புதுசு வாங்கினால்

முதல் தடவை ஸ்கிரீன் கறுப்பாக இருந்தால் பத்து நிமிஷம் பொறுங்கள். ரேம் எந்த ஸ்லாட் என்று புஸ்தகத்தைப் பாருங்கள். சி.பி.யு.-இசட்டில் மெமரிப் பக்கத்தில் நாலு முப்பத்திரண்டு பிட் என்று காட்டினால் இரண்டு பாதையும் வேலை செய்கிறது. இரண்டு முப்பத்திரண்டு என்றால் ஒரு பாதை தூங்குகிறது. எக்ஸ்போவோ எக்ஸ்.எம்.பி.யோ போட்ட பிறகு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் போடுங்கள். தப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று கூட 'பரவாயில்லை' கிடையாது. அதுவரை பழைய மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள், கேமரா கார்டை அழிக்காதீர்கள். வேகத்தை அளக்கிறதும் நண்பர்களுக்குப் படம் அனுப்புகிறதும் அதற்கு அப்புறம்.

புது ஜோடி போட்டு ஒரு ராத்திரி ஓட்டினோம். நாலு சுற்று, தப்பு 0. எக்ஸ்போ போட்டு இன்னொரு ராத்திரி. அதுவும் 0. ஏய்டாவில் அதே 60. ஒரு புள்ளி கூட ஏறவில்லை, இறங்கவில்லை. கெட்டுப்போன ரேமும் அதே ஸ்கோர்தான் வாங்கியது என்பதைக் கவனித்தீர்களா?

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கல்யாண வீட்டுக்கு என்ன சொன்னாய் என்று பையனைக் கேட்டேன்.

"நேர்ல போய்ச் சொல்லிட்டேண்ணே. முதல் போட்டோ வேற ஒருத்தர் செல்போன்லே கிடைச்சது. பாட்டி போட்டோ யார்கிட்டேயும் இல்லை. கொஞ்சம் திட்டினாங்க. அட்வான்சிலேருந்து ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கலை."

"அப்புறம்?"

"'பாட்டிக்கு எண்பத்தஞ்சு. அடுத்த மாசம் வளைகாப்பு பேச்சு இருக்கு. வந்து, பாட்டியை மட்டும் தனியா நல்லா எடுத்துக் கொடுத்துடு தம்பி'ன்னாங்க."

மேஜை மேல் கேமரா கார்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பையனின் கணக்கர் கையெழுத்தில்: 'ஒப்பிட்டாகிவிட்டது. அழிக்கலாம்.'